‘போனேன்வில்லை’ என்று யாரும் சொல்வதில்லை

2019 மே மாதம் ஒரு சாயங்காலம் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து போன் வந்தது. மேலூர்ப் பக்கத்துப் பெண். பத்தாம் வகுப்பு வரை என்னிடம் இங்கிலீஷ் படித்தவள், பிறகு மதுரையில் பி.காம். முடித்திருந்தாள். அன்று காலை ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலைக்கு இன்டர்வியூ. முடித்துவிட்டு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே பேசினாள். பின்னால் கண்டக்டர்கள் ஊர்ப்பெயர் சொல்லிக் கூவுவது கேட்டது. முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளுடைய பயோடேட்டாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “டோண்ட் யூ நோ டாலி?” என்று கேட்டிருக்கிறார். இவள் “யெஸ் சார்” என்றிருக்கிறாள். சரி என்று அவர், டாலி என்கிற அந்தக் கணக்கு மென்பொருளில் ஒரு பர்ச்சேஸ் பதிவை எப்படிப் போடுவாய் என்று அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறார். இவள் விழித்திருக்கிறாள். “இப்பத்தானே தெரியும்னு சொன்னே?” என்று அவர் தமிழுக்கு இறங்கினாராம். குரலும் மாறிவிட்டதாம். அதற்குமேல் அங்கே பேச்சு ஓடவில்லை.

“தெரியாதான்னு கேட்டாரு டீச்சர். ஆமான்னு சொன்னேன். நான் பொய் சொல்லல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேலை போனதைவிட, தன்னைப் பொய்க்காரி என்று ஒருவர் நினைத்துவிட்டாரே என்பதுதான் அவளை அறுத்தது. நான் இலக்கணம் தெரிந்தவள் என்ற நினைப்பில், “அந்த இடத்துல ‘நோ’ன்னு சொல்லணும்மா” என்றேன். “ஏன் டீச்சர்? தெரியாதான்னுதானே கேட்டாரு? அவர் நினைச்சது சரிதானே?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. இங்கிலீஷில் அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். பஸ் வந்துவிட்டது.

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவே இல்லை. அவள் சொன்னதில் எந்தத் தவறும் இல்லையே என்று அன்று இரவே தோன்றிவிட்டது. வாடிய முகத்தோடு வருகிறவரைப் பார்த்து, “என்ன, இன்னும் சாப்பிடலையா?” என்று கேட்டால், “ஆமா, சாப்பிடல” என்கிறோம். “இல்ல” என்றும் சொல்வதுண்டு. ஆனால் கேட்டவர் ஏற்கெனவே ஊகித்துவிட்டார், அந்த ஊகம் சரி என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘ஆமா’தான் வாயில் வரும். அவருடைய நினைப்புக்கு நாம் தலையாட்டுகிறோம். அவள் அந்த ஆமாவைத்தான் ‘யெஸ்’ என்று மொழிபெயர்த்தாள். வார்த்தை சரி, மரியாதை சரி, உண்மையும் சரி. ஆனாலும் அவள் சொன்னதற்கு நேர்மாறான பொருள்தான் அவர் காதில் விழுந்தது.

இருபது வருஷத்துக்கும் மேலாகச் சிவப்புப் பேனா பிடித்தவள் நான். விடைத்தாள் கட்டைப் பிரிக்கும்போதே உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். ‘ஹி கோ டு ஸ்கூல்’ இருக்கும். ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ இருக்கும். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’, ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’, ‘ஐ டிட் நாட் வென்ட்’ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அடிப்பேன், மேலே சரியானதை எழுதுவேன், பத்து முறை எழுதிக்கொண்டு வா என்பேன். அடுத்த கட்டில் அதே பிழை, அதே இடத்தில். கவனக்குறைவு என்றே அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஆனால் கவனக்குறைவுக்கு ஒழுங்கு கிடையாது, ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். உசிலம்பட்டிப் பையனும் செல்லூர்ப் பெண்ணும் சோழவந்தான் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, ஆனால் மூவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

இத்தனைக்கும் இதை நான் படித்திருக்கிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வி வழியாக எம்.ஏ. எழுதியபோது, மொழியியலாளர் பிட் கோர்டர் 1967இல் எழுதியது பாடத்தில் வந்தது. மாணவனின் பிழை குப்பை அல்ல, அவன் மனசுக்குள் கட்டி வைத்திருக்கும் இலக்கணத்துக்கு அது சாட்சி என்பது அவருடைய கட்சி. 1972இல் லாரி செலிங்கர், தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் நடுவில் மாணவனிடம் இன்னொரு மொழி உருவாகிறது, அதற்கென்று சொந்த ஒழுங்கு உண்டு என்றார். இரண்டையும் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். வகுப்பறைக்குள் நுழைந்ததும் சிவப்புப் பேனாவைத்தான் எடுத்தேன்.

பூ மார்க்கெட் பையன்

என் வீடு ஒத்தக்கடையில். மொட்டைமாடியில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடியில், பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் தவறிய பிள்ளைகளுக்குத் துணைத் தேர்வுக்காகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். காசு வாங்குவதில்லை. 2022 ஜூனில் ஒரு பையன் வந்தான். அப்பா இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போவான், எட்டு மணிக்கு வீடு. பத்து மணிக்கு என் மாடியில் உட்காரும்போது சட்டையில் மல்லி வாசம் இருக்கும், கண்ணில் தூக்கம் இருக்கும். இங்கிலீஷில் 29 வாங்கியிருந்தான். கேள்வி கேட்பதற்கு மட்டும் கூச்சமே கிடையாது.

அன்று பலகையில் அவன் எழுதிய வாக்கியம்: ‘யெஸ்டர்டே ஐ டிட் நாட் வென்ட் டு மார்க்கெட்’. நான் ‘வென்ட்’ மேல் கோடு போட்டேன். அந்த மாதத்தில் அது எத்தனையாவது கோடு என்று எனக்கே தெரியாது. அவன் எழுந்து நின்றான்.

“டீச்சர், நேத்துத்தானே? நேத்துன்னா ‘வென்ட்’டுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னது நான்தான். நேற்று என்று வந்தால் இறந்தகாலம் போடு என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என் விதியைத்தான் மீறாமல் காப்பாற்றியிருக்கிறான். ‘டிட்’ வந்தால் வினைச்சொல் முதல் வடிவத்துக்குப் போய்விடும் என்ற அடுத்த விதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதையும் பலமுறை சொல்லியாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கும் அசதி. ஏதோ தோன்றி, “சரி, நீ எழுதினதைத் தமிழ்ல சொல்லு” என்றேன்.

“நேத்து நான் மார்க்கெட்டுக்குப் போகல.”

“எழுதுற மாதிரி சொல்லு.”

“நேற்று நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை.”

“ஏன் ‘போக’ன்னு சொல்றே? நேத்துன்னா ‘போனேன்’தானே? ‘போனேன்வில்லை’ன்னு சொல்ல வேண்டியதுதானே?”

மாடியே சிரித்தது. அவனும் சிரித்தான். “போனேன்வில்லைன்னு யார் டீச்சர் சொல்வா?” என்றான். சொல்லிவிட்டு அப்படியே நின்றான். சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது. பலகையைப் பார்த்தான். கிட்டே வந்து, நான் கோடு போட்ட ‘வென்ட்’டைக் கையால் துடைத்துவிட்டு ‘கோ’ என்று எழுதினான். பிறகு எனக்காக இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னான்: “மூட்டையை ‘டிட்’டு தூக்கிருச்சு. ‘கோ’ வெறுங்கையோட வருது.”

எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. இறந்தகாலம் என்பது ஒரு மூட்டை. வாக்கியத்தில் யாராவது ஒருவர் சுமந்தால் போதும், ‘டிட்’ சுமந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சுமக்க வேண்டியதில்லை. தமிழிலும் ‘போக’ என்ற சொல்லுக்குள் காலமே கிடையாது. நேற்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை, இரண்டுக்கும் அதே ‘போக’தான். எதிர்மறையில் வினைச்சொல்லை வெறுங்கையோடு நிறுத்துவது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதே அல்ல. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறான். நான்தான் ‘டிட்’டை வானத்திலிருந்து விழுந்த சட்டம் மாதிரிக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே இன்னொரு கதவும் திறந்தது. ‘ஹி டஸ் நாட் கோஸ்’ என்று எழுதும் பெண் ஒருத்தி இருந்தாள். அந்தப் பையன் அவளிடம், “அங்கயும் அதே மூட்டைதான், அந்த எஸ்ஸை ‘டஸ்’ தூக்கிருச்சு பாரு” என்றான். அவள் அதற்குப்பின் அந்தப் பிழையைச் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். செய்தாள். ஆனால் எழுதி முடித்ததும் தானே கண்டுபிடித்துத் தானே அடித்தாள். என் சிவப்புக் கோட்டுக்கும் அவள் போட்ட பென்சில் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தமிழில் கேட்டுப் பார்த்தது

அதற்குப் பிறகு எந்தப் பிழையைக் கண்டாலும் முதலில் அதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். தமிழில் அதே இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று உட்கார்ந்து பார்த்தோம். சில இடங்களில் வாயடைத்துப் போனேன். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்ற பிழை இருக்கிறதே, அதற்கு ‘ஹேவ்’ வந்தால் நேற்று, போன வாரம், 2019இல் என்று கடந்துபோன காலத்தைக் குறித்துச் சொல்லக் கூடாது என்று விதி சொல்லி அலுத்திருக்கிறேன். ஒரு நாள் மலையைக் காட்டி ஒரு பெண்ணிடம் கேட்டேன், “யானைமலை மேல ஏறியிருக்கியா?” “ஏறியிருக்கேன் டீச்சர்.” “எப்ப?” “போன பொங்கலுக்கு ஏறினேன்.” பாருங்கள், நான் ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. ‘எப்ப’ என்ற கேள்வி விழுந்ததும் ‘ஏறியிருக்கேன்’ தானாகவே ‘ஏறினேன்’ ஆகிவிட்டது. ‘போன பொங்கலுக்கு ஏறியிருக்கேன்’ என்றால் அவள் காதுக்கே உறுத்தும். ஏறியிருக்கேன் என்பதுதான் ‘ஐ ஹேவ் கிளைம்ப்டு’, ஏறினேன் என்பதுதான் ‘ஐ கிளைம்ப்டு’. நாள் சொன்னால் இருக்கேனை விட்டுவிடு. பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற பெயரை அன்று நான் உச்சரிக்கவே இல்லை.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பமும் இப்படித்தான் தீர்ந்தது. ‘2019லிருந்து இங்கே இருக்கேன்’, ‘அஞ்சு வருஷமா இங்கே இருக்கேன்’ என்று நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ‘அஞ்சு வருஷத்திலிருந்து’ என்றோ ‘2019ஆக’ என்றோ சொல்வதில்லை. தொடங்கிய புள்ளிக்கு ‘லிருந்து’, கடந்த நீளத்துக்கு ‘ஆக’. ‘லிருந்து’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’, ‘வருஷமா, மாசமா, நாளா’ என்று வரும் இடத்தில் ‘ஃபார்’. பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பாலம் அங்கே பாதியில் நின்றுவிடுகிறது. தமிழில் ‘இருக்கேன்’ என்று நிகழ்காலத்திலேயே விட்டுவிடுகிறோம், இங்கிலீஷோ ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’ என்று கேட்கிறது. அந்த மிச்சப் பாதியை வாயால் பழகித்தான் ஆக வேண்டும். அதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன்.

‘எ’, ‘தி’ பற்றி நான் ரொம்பப் பயந்திருந்தேன். தமிழில் ஆர்ட்டிக்கிள் கிடையாது, ஆகையால் நம் பிள்ளைகளுக்கு வராது என்பதுதான் ஆசிரியர்கள் அறையில் நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வது. ஆனால் பாட்டி கதை எப்படி ஆரம்பிக்கிறது? ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு…’ முதல் முறை வரும்போது ஒரு ராஜா, அடுத்த முறை அந்த ராஜா. ‘எ கிங்’, ‘தி கிங்’. இன்னும் நுணுக்கமாக ஒன்று இருக்கிறது. ‘கடையில் புத்தகம் வாங்கினேன்’ என்றால் கேட்பவர் சும்மா தலையாட்டுவார். ‘கடையில் புத்தகத்தை வாங்கினேன்’ என்று சொல்லிப் பாருங்கள், ‘எந்தப் புத்தகத்தை?’ என்று உடனே கேட்பார். அந்தச் சின்ன ‘ஐ’ உருபு, இது உனக்கும் எனக்கும் தெரிந்த புத்தகம் என்று சொல்லிவிடுகிறது. ‘தி’ செய்கிற வேலையில் ஒரு பகுதியை நம் இரண்டாம் வேற்றுமை சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. ஆட்களைச் சொல்லும்போது ‘ஐ’ எப்படியும் வரும் என்பதால் இது அஃறிணைக்கு மட்டும்தான் உதவும். ‘அவர் டாக்டர்’ என்று நாம் சொல்லும் இடத்தில் இங்கிலீஷ் ‘எ டாக்டர்’ என்று கேட்கும், தொழிலைச் சொன்னால் ‘எ’ போடு என்று தனியாகத்தான் படிக்க வேண்டும். ‘தி சன்’னும் அப்படித்தான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. ‘போகிறேன்’ என்ற ஒரே சொல்லை வைத்துத் ‘தினமும் போகிறேன்’ என்றும் சொல்கிறோம், ‘இதோ போகிறேன்’ என்றும் சொல்கிறோம். அதனால்தான் ‘ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி’ என்று வருகிறது. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று தமிழில் சொல்ல முடிகிற நேரத்தில் மட்டும் ‘ஆம் கோயிங்’ போடு என்று ஒரு தடுப்பு வைத்தேன், ஓரளவு நிற்கிறது. அந்தத் தடுப்பாலேயே ‘ஐ ஆம் நோயிங்’ என்பதும் நின்றது, ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாம் சொல்வதில்லையே. ‘இன், ஆன், அட்’ மூன்றுக்கும் நம்மிடம் பெரும்பாலும் ஒரே ‘இல்’தான். வீட்டில், தரையில், ஸ்டாப்பில். இதற்குக் குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை. ‘அட் தி பஸ் ஸ்டாப்’, ‘ஆன் தி ஃப்ளோர்’ என்று சொற்றொடராகவே வாயில் ஏற்றுகிறோம். ‘ஹி ஆஸ்க்டு மி வாட் இஸ் மை நேம்’ என்ற பிழைக்குக் காரணம் நம்முடைய ‘என்று’. ‘உன் பேர் என்ன என்று கேட்டார்’ என்னும்போது அவர் கேட்ட கேள்வி அப்படியே முழுசாக உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. இங்கிலீஷில் உள்ளே போகும் கேள்வி தன் கேள்வி வரிசையைக் கழற்றி வைத்துவிட்டு, ‘வாட் மை நேம் வாஸ்’ என்று சாதாரண வாக்கியமாகப் போக வேண்டும். காரணம் தெரிந்ததால் பிழை போய்விடவில்லை. ஆனால் நான் மக்கு என்று ஒரு பிள்ளை நினைப்பது போய்விடுகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசக் கூடாது, இங்கிலீஷிலேயே யோசிக்க வேண்டும் என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வீட்டில், தெருவில், பஸ்ஸில் இங்கிலீஷ் காதில் விழுகிற பிள்ளைக்கு அது பொருந்தும். வாரத்துக்குச் சில பீரியட் மட்டுமே இங்கிலீஷைக் கேட்கும் பிள்ளையிடம் இங்கிலீஷில் யோசி என்பது, கையில் இல்லாத காசை எண்ணச் சொல்வது. அவன் தமிழில்தான் யோசிப்பான். யோசிக்காதே என்று தடுத்தால் தமிழ் நின்றுவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வேலை செய்யும். அதை வெளியே எடுத்து மேசைமேல் வைப்பதுதான் நல்லது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

தமிழ் ஐயா கேட்டது

‘போனேன்வில்லை’ கதையை எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற தமிழ் ஐயாவிடம் போனில் சொன்னேன். திருப்பரங்குன்றத்தில் இருக்கிறார். ரசித்துக் கேட்டுவிட்டு, “பழைய நடையில ‘வந்தானில்லை’ன்னு எழுதுவாங்கம்மா, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க” என்று திருத்தினார். சரிதான், வினைமுற்றோடு இல்லை சேரும் வழக்கு தமிழில் இருந்திருக்கிறது. இன்றைய பேச்சில் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் அவர் ஒன்று கேட்டார். “பத்தாம் வகுப்புப் பிள்ளைக வழு, வழாநிலை, வழுவமைதி படிக்கிறாங்களே, அதை வச்சு நீங்க இங்கிலீஷ் பிழையைச் சொல்லலாமே?”

எனக்கு அது தோன்றவே இல்லை. வழு என்றால் பிழை, வழாநிலை என்றால் பிழையில்லாத நிலை. தமிழ் இலக்கணம் பிழையை ஏழாகப் பிரித்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே தொல்காப்பியர் இந்தக் கணக்கைத் தொடங்கிவிடுகிறார். ‘கண்ணகி உண்டான்’ என்று பலகையில் எழுதினால் கடைசி வரிசையும் சிரிக்கிறது. ‘ஷி ஈட்’ என்பதைக் கேட்கும் இங்கிலீஷ்காரர் காதுக்கு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதியைச் சின்ன வயதிலேயே பிசகாமல் சொல்லப் பழகியவர்கள் நாம். பழைய இங்கிலீஷிலும் இப்படிப் பல விகுதிகள் இருந்தன. எல்லாம் உதிர்ந்து, சாதாரண வினைச்சொல்லில், நிகழ்காலத்தில், ஹி, ஷி, இட்டுக்கு மட்டும் ஒரு எஸ் மிஞ்சியிருக்கிறது. இத்தனை விகுதியைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு அந்த ஒற்றை எஸ் பாரமே இல்லை என்று சொன்னபோது, பிள்ளைகள் முகத்தில் ஒரு நிமிர்வு வந்ததைப் பார்த்தேன்.

ஆனால் ஐயா கொடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது வழுவமைதி. பிழைதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. மகளைப் பார்த்து ஒரு தாய் ‘வாடா ராசா’ என்பது பால் வழு, ஆனால் அன்பினால் அமைந்துவிட்டது. ‘குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார்’ என்பது கால வழு, வருவது உறுதி என்பதால் அமைந்துவிட்டது. இங்கிலீஷும் இதையேதான் செய்கிறது, ‘தி டிரெயின் லீவ்ஸ் டுமாரோ’ என்று நாளைக்குக் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸை நிகழ்காலத்தில் சொல்கிறது. அப்படியானால் நம் ஊர் இங்கிலீஷில் எதை அடிப்பது, எதை விடுவது? ‘கசின் பிரதர்’ என்று எழுதினால் முன்பு ‘பிரதர்’ரை அடிப்பேன். இப்போது அடிக்கக் கை வரவில்லை. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன், அத்தை மகன் மச்சான். ‘கசின்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூட ஒரு மதுரைப் பெண்ணால் எப்படி முடியும்? அவளுக்கு அங்கே ‘பிரதர்’ தேவைப்படுகிறது. சகலையைக் ‘கோ-பிரதர்’ என்பதும் அப்படித்தான். பரீட்சையில் எழுதாதே, வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று மட்டும் சொல்கிறேன். ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டர்ன் பேக்’ விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது. அவற்றுக்கு எந்தத் தேவையும் இல்லை, அடித்துவிடுகிறேன்.

யெஸ்

ஏழு வழுவில் ஒன்று விடை வழு என்று ஐயா சொன்னபோதே எனக்கு மாட்டுத்தாவணி போன் ஞாபகம் வந்தது. அவளை 2024இல்தான் மறுபடி பார்த்தேன். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்தார்களே, கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து டீ குடித்தோம். வீட்டுக் கதையெல்லாம் பேசி முடித்தபிறகு அவளே கேட்டாள். “டீச்சர், அன்னைக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்?”

இந்த முறை என்னிடம் சொல்ல ஏதோ இருந்தது. தமிழில் ‘ஆமா’ கேட்டவருடைய நினைப்புக்குப் பதில் சொல்கிறது, இங்கிலீஷ் ‘யெஸ்’ அதற்குப்பின் நீ சொல்லப்போகும் வாக்கியத்துக்குக் கட்டுப்படுகிறது என்றேன். ‘ஐ நோ’ என்று முடிக்கப்போகிறாய் என்றால் ‘யெஸ்’. ‘ஐ டோண்ட் நோ’ என்று முடிக்கப்போகிறாய் என்றால் ‘நோ’. கேள்வி எப்படி வந்தாலும் சரி. இதிலே இங்கிலீஷ்காரர்களும் ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தவர்கள்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அவர்களிடம் இதற்கு நான்கு சொற்கள் இருந்தன. சாதாரணக் கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு மட்டும் தனியாக ‘யெஸ்’, ‘நோ’. பிறகு ‘யே’யும் ‘நே’யும் வழக்கிலிருந்து போய், இரண்டு சொல்லே எல்லாக் கேள்விக்கும் என்று ஆகிவிட்டது. அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, “இன்டர்வியூல உக்காந்து இதெல்லாம் யோசிக்க முடியாதே டீச்சர்” என்றாள்.

உண்மை. தமிழும் இங்கிலீஷும் ஒன்றுபோல நடக்கும் இடத்தில் பிள்ளைக்கு உள்ளேயே ஒரு துணை இருக்கிறது. இரண்டும் எதிரெதிராக நடக்கும் இந்த இடத்தில், அவசரத்தில் தாய்மொழிதான் முந்தும். அதனால் நான் அவளுக்குச் சொன்னது எளிமையானது. எதிர்மறைக் கேள்வி வந்தால் ‘யெஸ்’ஸும் வேண்டாம், ‘நோ’வும் வேண்டாம். நேராக வாக்கியத்துக்குப் போய்விடு. ‘ஐ டோண்ட் நோ டாலி, சார். ஐ வில் லேர்ன் இட்.’ அவள் அதை மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், ஐந்து வருஷத்துக்கு முந்திய அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போல. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே படிக்கப் போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வேண்டுமென்றே எதிர்மறையாகக் கேட்கிறேன். ‘டோண்ட் யூ லைக் காபி?’ ‘டிட்ண்ட் யூ ஸ்லீப்?’ ‘இஸ்ண்ட் யுவர் மதர் அட் ஹோம்?’ தடுமாறுகிறார்கள், நிறுத்தி யோசிக்கிறார்கள், முழு வாக்கியமாகச் சொல்கிறார்கள். அந்தப் பூ மார்க்கெட் பையன் துணைத் தேர்வில் தேறி, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பும் முடித்துவிட்டான். மார்க்கெட் வேலையையும் விடவில்லை. எப்போதாவது வகுப்பு நேரத்தில் மாடிக்கு வந்து பின்னால் உட்கார்ந்துகொள்வான். போன மாதம் வந்தபோது வாழையிலையில் கட்டிய மல்லியை என் மேசையில் வைத்தான். நான் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததால் உடனே எடுக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் கேட்கும்படி, “டோண்ட் யூ வாண்ட் ஃப்ளவர்ஸ், டீச்சர்?” என்றான்.

மாடி மொத்தமும் என் வாயைப் பார்த்தது. சாக்பீஸைக் கீழே வைத்தேன். “யெஸ், ஐ டூ” என்று சொல்லிப் பூவை எடுத்துக்கொண்டேன்.